மொறிஸ் மைனருக்கு ஒரு புதுச் சங்கிலி

என் தங்கை வீட்டில் ஒரு மொறிஸ் மைனர் பிக்கப் இருக்கிறது. வட்டக்கச்சியில் அவளுடைய தோட்டத்தில் விளையும் வாழைக்குலையும் தேங்காயும் கத்தரிக்காயும் வாரத்தில் நான்கு நாட்கள் அதில் ஏறித்தான் கிளிநொச்சிச் சந்தைக்குப் போகின்றன. கால் தொன் பாரம் ஏற்றுவதற்கென்று இங்கிலாந்தில் செய்யப்பட்ட வாகனம் அது. வன்னிக்கு வந்த பின்னர் அது சுமந்த பாரங்களைப் பற்றி எழுதுவதானால் அதற்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும்.

கடந்த மார்கழி முழுவதும் அந்த வாகனத்தின் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. தகரப் பேணிக்குள் சில்லறைக் காசைப் போட்டு மெதுவாகக் குலுக்கியது போன்ற ஓசை. இயந்திரம் ஆறுதலாகச் சுற்றும்போது கேட்கும். வேகம் கொடுத்தால் அடங்கிவிடும். இழுவையும் குறைந்திருந்தது. பாரம் ஏற்றிய நாட்களில் மூன்றாம் கியரைத் தாண்ட மறுத்தது. மருமகனுக்கு இருபத்துமூன்று வயது. கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "மாமா, ரைமிங் செயின் தேய்ஞ்சு போச்சு, அதுதான் சத்தம்" என்றான். இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற கனவான்கள் தங்கள் கராச்சுகளில் நின்றுகொண்டு, வெள்ளைத் துணியில் ஸ்பானர்களை வரிசையாக அடுக்கி வைத்து, இந்தச் சங்கிலியை மாற்றும் காட்சிகள் அவனுடைய கைபேசியில் நிறைய இருந்தன. அவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

ரைமிங் செயின் என்றால் என்னவென்று அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். நான்கடிப்பு இயந்திரம் ஒன்றில், கலவையை உள்ளிழுத்தல், அமுக்குதல், எரித்தல், புகையை வெளியே தள்ளுதல் ஆகிய நான்கு காரியங்களும் நடந்து முடிவதற்குக் கிறாங் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றவேண்டும். அதே நேரத்தில், வால்வுகளைத் திறந்து மூடுகின்ற காம் தண்டு ஒரேயொரு சுற்றுத்தான் சுற்றவேண்டும். இந்த இரண்டு தண்டுகளையும் பிணைத்து வைத்திருப்பது சைக்கிள் சங்கிலி போன்ற ஒரு சிறிய சங்கிலி. கிறாங்கின் பற்சில்லில் உள்ளதைப் போல் இரு மடங்கு பற்கள் காமின் சில்லில் உண்டு. கணக்கு அவ்வளவுதான்.

சங்கிலி நீண்டுவிட்டது என்று பேச்சில் சொல்கிறோம். உருக்குத் தகடுகள் அப்படி நீண்டுவிடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஊசியும், அது சுழலுகின்ற புஸ்ஸும் மயிரிழையளவு தேய்கின்றன. எல்லாக் கண்ணிகளின் தேய்வும் ஒன்றுசேர்ந்து சங்கிலி தொய்ந்துபோகிறது. அப்போது காம் தண்டு பின்தங்கும். வால்வுகள் பிந்தித் திறந்து பிந்தி மூடும். மொறிஸ் மைனரில் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரைச் சுழற்றுவதும் அதே காம் தண்டுதான் என்பதால் தீப்பொறியும் பிந்தும். டிஸ்ரிபியூற்றரைச் சற்றுத் திருப்பிவிட்டால் தீப்பொறி சரியாகும்; இழுவையும் கொஞ்சம் திரும்பி வரும். வால்வுகளின் பிந்துகை மட்டும் அப்படியே இருக்கும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த வாகனத்தைத் தொட்ட ஒவ்வொருவரும் டிஸ்ரிபியூற்றரைத்தான் திருப்பியிருக்கிறார்கள்.

இவ்வளவு பாடுபடுவானேன், விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இந்த நாட்டில் பழைய வாகனங்களின் விலை ஏறிய கதை எல்லோரும் அறிந்தது. வழி திறந்த பிறகும், வரிகளோடு சேர்த்துப் பார்த்தால், வாழைக்குலை விற்பவர் ஒருவர் புது வாகனம் வாங்குவது பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. மறுபுறத்தில், மொறிஸ் மைனர் பிக்கப் இப்போது சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பண்டமாகிவிட்டது.

சென்ற ஆவணியில் தெற்கிலிருந்து ஒருவர் வட்டக்கச்சிக்கே வந்துவிட்டார். மரியாதையான மனிதர். போனற்றைத் திறந்து பார்த்தார். கீழே படுத்து அடித்தகட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு தொகையைச் சொன்னார். நான் மருமகனின் முகத்தைப் பார்த்தேன். அவனோடு படித்தவர்களில் பலர் இப்போது கட்டாரிலும் பிரான்சிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். அந்தத் தொகை எந்த நாடு வரைக்கும் போதும் என்று அவன் மனதில் கணக்குப் போட்டிருப்பான். போடாமல் இருந்தால்தான் அதிசயம். வந்தவர் பதிவுப் புத்தகத்தைக் கேட்டார். அது மச்சானின் பெயரில் இருக்கிறது.

மச்சானை 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்துக்கு இப்பால் கண்டவர்கள் இருக்கிறார்கள். அப்பால் கண்டவர்கள் எவரும் இல்லை.

வந்தவருக்கு இதை நான்தான் விளக்கினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மரணச் சான்றிதழ் ஒன்று எடுத்துவிட்டால் பெயர் மாற்றுவது பெரிய வேலை இல்லை என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரியான ஆலோசனை. தங்கை உள்ளே போனாள். தேநீரோடு வந்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு, "வாகனம் விக்கிறதுக்கில்லை, ஐயா" என்றாள். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

2016ஆம் ஆண்டில் இறப்புப் பதிவுச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு திருத்தத்தின்படி, காணாமற்போனவரின் குடும்பம் மரணச் சான்றிதழ் எடுக்காமல், அவர் காணாமற்போனார் என்பதற்கான சான்றிதழைப் பெற்றுக்கொள்ளலாம். தங்கை அதற்கும் விண்ணப்பிக்கவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தின் பந்தலில், சந்தை முடிந்து திரும்பும் நாட்களில் அவளும் இருந்திருக்கிறாள். சான்றிதழ் கேட்டு அவள் அங்கே போகவில்லை. ஆகவே வாகனத்தை விற்க முடியாது. வருமானமோ அதை நம்பி இருக்கிறது. திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த வாகனம் எஞ்சியதே ஒரு தற்செயல்தான். 2006 ஆடியில் தகர வேலைக்கும் பூச்சுக்குமாக மச்சான் அதை வவுனியாவுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பஸ்ஸில் திரும்பிப் போனார். ஓகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு ஏ-9 வீதி மூடப்பட்டது. ஓமந்தையிலும் கெடுபிடி கூடிற்று. வேலை முடிந்த வாகனம் வைரவபுளியங்குளத்தில் ஒரு வளவில், கிடுகுக் கொட்டிலுக்குள் நின்றுகொண்டே இருந்தது. வன்னிக்குள் இருந்த மற்ற வாகனங்களுக்கு என்ன நடந்தது என்பதை, 2009இன் பின்னர் முள்ளிவாய்க்கால் பக்கம் போனவர்கள் கண்ணால் கண்டிருப்பார்கள். பஸ்களும் உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் எரிந்து, துருவேறி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

சங்கிலி மாற்றுவதற்கு ஓர் அண்ணையை அழைத்து வந்தோம். எழுபதைக் கடந்தவர். 1996இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்குப் போகும்வரை அங்கே கராச் வைத்திருந்தார். பிறகு மல்லாவியில் ஒரு மரத்தின் கீழ். பிறகு மீண்டும் கிளிநொச்சி. 2009இன் தொடக்கத்தில் விசுவமடுவில் தன் ஸ்பானர் பெட்டியைப் புதைத்துவிட்டுப் போனவர், மீள்குடியேற்றத்தின் பின் வந்து தோண்டி எடுத்து, ஒரு கிழமை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு மீட்டார். இதை நான் சிறப்பாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. மொறிஸ் மைனரின் நட்டுகள் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. இன்று கடைகளில் கிடைக்கும் ஸ்பானர்கள் மில்லிமீற்றர் கணக்கு. அரை அங்குல நட்டில் 13 மில்லிமீற்றர் ஸ்பானர் ஏறத்தாழப் பொருந்தும். அந்த 'ஏறத்தாழ' நட்டின் மூலைகளை உருட்டிவிடும். அண்ணையின் பெட்டியில் இருந்தவை அங்குல ஸ்பானர்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். 1990 முதல் 2002 வரை எரிபொருளும் பற்றரியும் சீமெந்தும் இரும்பும் தடைப்பட்ட மண்ணில் வாகனங்கள் எப்படி ஓடின என்பதை எழுதியவர்கள் குறைவு. மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குக் காட்டி இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகையும் அந்த மணமும் அக்காலத்தில் வாழ்ந்தவர்களின் மூக்கிலிருந்து இன்னும் போயிராது. அமுக்கம் குறைந்த பழைய ஆங்கிலேய இயந்திரங்கள் அதற்கு ஈடுகொடுத்தன. 1948இல் அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பில் அறிமுகமான மொறிஸ் மைனருக்கு 1952இலிருந்து பொருத்தப்பட்ட ஏ வரிசை இயந்திரம் அத்தகையது. தங்கையின் வாகனத்தில் இருப்பது அதன் 948 சீசீ வகை.

ஆனால் மண்ணெண்ணெய் முழுதாக எரிவதில்லை. எரியாத பங்கு பிஸ்ரன் ஓரமாக வழிந்து கீழே இறங்கி என்ஜின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்கிறது. அந்த ஒயிலைத்தான் ரைமிங் செயினும் நம்பியிருக்கிறது. தடைக் காலத்தில் சங்கிலிகள் ஏன் அவ்வளவு விரைவாகத் தேய்ந்தன என்பதற்கு அண்ணை சொன்ன விளக்கம் இது. புதுச் சங்கிலி வராது. செத்துப்போன இயந்திரங்களிலிருந்து கழற்றிய சங்கிலிகளுக்குள் தொய்வு குறைந்ததைத் தேர்ந்து போடுவார். காம் சில்லில், சங்கிலியின் அதிர்வைத் தாங்குவதற்கு இரண்டு இறப்பர் வளையங்கள் உண்டு. அவற்றுக்குப் பதிலாகச் சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டிப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒயில் பட்டு அது ஊதிப் பெருத்துக் கூழாகிவிட்டது. "ஒரு மாசம் தாங்கிச்சுது, தம்பி. அந்த ஒரு மாசம் சத்தமில்லை" என்றார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். அதே 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவரின் முயற்சியில், இலங்கையின் தெற்கில் மொறிஸ் மைனரின் உடற்பாகங்கள் புதிதாகச் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறின. அதே தீவின் வடக்கில் அதே வாகனத்துக்குச் சைக்கிள் ரியூப்பை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாடு என்று சொல்கிறார்கள்.

2022இல் எரிபொருள் நெருக்கடி வந்து, ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை தொடங்கும்வரை நாடு முழுவதும் வரிசையில் நின்றபோது, அண்ணையிடம் பழைய வித்தையைக் கேட்டுப் போனவர்களில் மருமகனும் ஒருவன். சில வாரங்கள் கலந்து ஓடியிருக்கிறான். தகப்பன் காலத்து நோய் மகன் காலத்திலும் அந்தச் சங்கிலிக்கு வந்து சேர்ந்தது.

புதுச் சங்கிலி கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. இறப்பர் வளையங்கள் அங்கே இல்லை. லண்டனில் இருக்கும் நண்பர் ஒருவர் தபாலில் அனுப்பினார். தைப்பொங்கலுக்கு முன் வேலை முடியவேண்டும் என்பது தங்கையின் நிபந்தனை. பொங்கலுக்கு முந்திய சந்தையில் வாழைக்குலை விற்காவிட்டால் பிறகு விற்று என்ன பயன்?

மாமரத்தின் கீழ் வாகனத்தை நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வைத்தோம். றேடியேற்றர் தண்ணீரைச் சருவத்தில் இறக்கி, அதைக் கழற்றித் தூக்கிய பின்னர்தான் இயந்திரத்தின் முன்முகம் தெரிந்தது. பான்பெல்ற்றைக் கழற்றினோம். கிறாங்கின் கப்பியைப் பிடித்திருக்கும் பெரிய நட்டுத்தான் வேலையில் பாதி. ஹாண்டில் போட்டுச் சுற்றுவதற்கான பற்கள் அதன் முகத்திலேயே இருக்கும். முதலில் அதன் பூட்டு வளையத்தின் மடிப்பை உளியால் நிமிர்த்தவேண்டும். பிறகு கியரில் போட்டு, குழாய்க்கிணற்றுக் குழாய்த் துண்டு ஒன்றை ஸ்பானரின் பிடியில் செருகி, நானும் மருமகனும் சேர்ந்து தொங்கினோம். அசையவில்லை. அண்ணை எங்கள் இருவரையும் விலகச் சொல்லிவிட்டு, ஸ்பானரில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். கழன்றது. பலத்தால் திருகுவதற்கும் அதிர்ச்சி கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் விளக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"செயினை மாத்திறது ஒரு வேலையில்லை. கழட்டேக்க எது எந்தப் பக்கம் பாத்துக் கிடந்ததெண்டு பாத்து வைக்கிறதுதான் வேலை" என்று சொல்லி, கழற்றிய ஒவ்வொன்றையும் மருமகனைக் கொண்டு கைபேசியில் படம் எடுக்க வைத்தார். கப்பிக்குப் பின்னால் ஒயிலை உதறுவதற்கு ஒரு தட்டு வளையம் உண்டு; அதைப் புறம் மாற்றிப் போட்டால் ஒயில் கசியும். கிறாங் சில்லுக்குப் பின்னால் காகிதக் கனத்தில் மென் வளையங்கள் உண்டு. அவை தவறினால் இரண்டு சில்லுகளும் ஒரே கோட்டில் நில்லா.

மூடியைக் கழற்றியபோது காஸ்கற் இரண்டு பக்கமும் ஒட்டிப் பிய்ந்து வந்தது. அது கடையில் வாங்கியது அல்ல. தடித்த மட்டை; கத்தரிக்கோலால் வெட்டியது. எண்ணெய் ஊறிக் கறுத்திருந்த ஒரு துண்டில் சேலைக் கரை ஒன்றின் சிவப்பும், 2003 என்ற இலக்கமும் தெரிந்தன. நாட்காட்டி மட்டை. லட்சுமி படமாக இருந்திருக்க வேண்டும்.

அண்ணை அதைக் கண்டதும் சிரித்தார். "உன்ர அப்பாதான். பாதை திறந்து புதுச் செயின் வந்தவுடன, தானே போடவேணுமெண்டு நிண்டவர். என்னைத் தொடவிடேல்லை. நான் உதில கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருந்தனான்" என்று மருமகனிடம் சொன்னார். மருமகனுக்கு அப்போது ஒரு வயது. தங்கை அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் துண்டை வாங்கி, எண்ணெயைத் துடைக்காமலே உள்ளே கொண்டுபோனாள். மீதி ஒட்டியிருந்ததை அண்ணை பழைய சவர அலகால் சுரண்டி எடுத்தார். சுரண்டாமல் விட முடியாது, புதியது படியாது.

காமின் நட்டையும் கழற்றி, இரண்டு சில்லுகளையும் சங்கிலியோடு சேர்த்து நெம்பி ஒன்றாக வெளியே எடுத்தோம். இறப்பர் வளையங்கள் கருகிய தோசைபோல் நொறுங்கின. அண்ணை பழைய சங்கிலியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து ஒரு முனையில் பிடித்துக் காட்டினார். வில்லைப்போல வளைந்து தொங்கியது. புதியதைப் பிடித்தார், ஏறக்குறைய நேராக நின்றது. அந்த வளைவைக் கண்ட பின்னர் அந்தச் சத்தத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பொருத்தும்போது கவனிக்கவேண்டியது இரண்டு புள்ளிகள். ஒவ்வொரு சில்லிலும் ஒரு சிறு குழி இடப்பட்டிருக்கும். இரண்டு தண்டுகளின் நடுவை இணைக்கும் கோட்டில் அந்த இரண்டு குழிகளும் ஒன்றையொன்று பார்த்து நிற்கவேண்டும். ஒரு பல் தவறினாலும் வால்வின் நேரம் பிழைக்கும். சில்லுகளில் சங்கிலியை மாட்டி, புள்ளிகளை எதிரெதிரே வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தண்டுகளில் தள்ளி ஏற்றவேண்டும். அதை மருமகனிடம் கொடுத்துவிட்டு அண்ணை கதிரையில் போய் அமர்ந்தார். நான் தங்கையின் பழைய அடிமட்டத்தைப் பிடித்துக் கோடு பார்த்தேன். மூன்றாம் முறையில் ஏறியது. ஹாண்டிலால் கிறாங்கை இரண்டு சுற்றுச் சுற்றி மீண்டும் பார்க்கச் சொன்னார் அண்ணை. புள்ளிகள் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றன.

காஸ்கற் வெட்டுவதற்கு மருமகன் இந்த வருட நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தான். "அதில இப்பதான் தை பிறக்குது, சென்ற வருசத்தைக் கொண்டு வா" என்று தங்கை உள்ளிருந்து சத்தமிட்டாள். மட்டையை மூடியின்மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரங்களில் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால், உலோகத்தின் விளிம்பே மட்டையை வெட்டிவிடும். கத்தரிக்கோலால் வெட்டுவதிலும் பார்க்க இது துல்லியமானது என்று அண்ணை சொன்னார். மச்சானுக்கு அவர் இதைச் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொன்னால் கேக்கிற ஆளா?" என்றார்.

டிஸ்ரிபியூற்றரைச் சரிக்கட்டுவது கடைசி வேலை. தேய்ந்த சங்கிலிக்கு ஈடாகப் பலரும் சிறிது சிறிதாகத் திருப்பி வைத்திருந்ததை எல்லாம், ஒரு சிறு பல்பைப் பொருத்தி அது எரியும் கணத்தைப் பார்த்து, பழைய இடத்துக்குக் கொண்டுவரவேண்டியிருந்தது. மாலை ஐந்து மணிக்கு ஸ்ராட் செய்தோம். இரண்டாம் முயற்சியில் பிடித்தது. சத்தம் இல்லை. டைனமோவின் மெல்லிய இரைச்சல் இவ்வளவு காலமும் அதற்கடியில் ஒளிந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் விடிய, பொங்கலுக்கு முந்திய சந்தைக்கு முப்பது குலைகளோடு மருமகன் புறப்பட்டான். நான்காம் கியரில் போனதாக வந்து சொன்னான்.

அண்ணை கூலி வாங்க மறுத்தார். வற்புறுத்தியதில் ஒரு வாழைக்குலையும், மருமகன் மாதம் இரண்டு நாள் தன்னுடைய கராச்சுக்கு வந்து உதவுவான் என்ற வாக்கும் பெற்றுக்கொண்டார். வெளிநாட்டுப் பேச்சு வீட்டில் நின்றுவிடவில்லை; சென்ற வாரமும் ஒரு முகவரோடு தொலைபேசியில் கதைத்திருக்கிறான். தங்கை அதைப் பற்றி என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று நானும் இன்னும் தீர்மானிக்கவில்லை.

மண்ணெண்ணெய் குடித்த இயந்திரம் என்பதால் முதல் ஐந்நூறு மைலில் ஒயிலை மாற்றவேண்டும் என்று அண்ணை சொல்லிவிட்டுப் போனார். இப்போதைய ஓட்டத்தில் அது வைகாசியில் வரும்.